பதினாறு தட்டுகள்

சபையின் அறுபதாம் ஆண்டு மலருக்காக, குவாக் மியோங்ஜா அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி போதகர் என்னிடம் கேட்டார். வாசிக்கிற சபையாருக்கு உற்சாகமாக இருக்க வேண்டுமாம். அழகாக எழுதுகிறவர்கள் நம் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வரும். அப்படி எழுதினால் என் மானம் கப்பலேறும். ஏறட்டும், துறைமுகத்து ஊரில் கப்பலுக்கா பஞ்சம்?

என் பெயர் பியோன் ஹீரான். மோக்போ மீன் சந்தைக்குப் பின்னால் போர்வைக் கடை வைத்திருக்கிறேன். அக்கா துறைமுகத்திலிருந்து யூதால் மலையைச் சுற்றிக்கொண்டு ரயில் நிலையம் வரை போகும் நகரப் பேருந்தை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாள். ஆள் குட்டை. இருக்கையில் இரண்டு திண்டு போட்டால்தான் சாலை தெரியும். வெள்ளைக் கையுறை, கரகரத்த குரல், எதற்கும் அசராத முகம். கண்ணாடியில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் வண்டியை எடுக்கவே மாட்டாள். பின்னாலிருந்து முணுமுணுப்பு வரும், பணிமனையில் திட்டு விழும். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். ஓடி வருகிறவருக்கு வண்டி வேண்டும், அதற்கு மேல் என்ன விசாரணை என்பாள்.

போதகர் சீஷத்துவப் பயிற்சி தொடங்கியபோது பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஒரு வருஷம், செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்பு. ஆளுக்கொரு நீல நோட்டு. வாரம் இரண்டு வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும், அதிகாலை ஜெபத்துக்கு வந்த நாளில் ஒரு குறி போட வேண்டும். கடைசிக் கட்டத்தில், 'இந்த வாரம் யாருக்காக என்ன செய்தாய்' என்று எழுத வேண்டும். நான் நான்காவது மாதமே நோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். கடையில் வேலை அதிகம் என்று சொன்னேன். வேலையும் இருந்தது, சோம்பலும் இருந்தது. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருடைய நோட்டும் அலமாரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் என்னை முறைக்க வேண்டாம்.

அக்கா விடவில்லை. வசனத்தைத் துண்டுத்தாளில் எழுதி, தலைக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டில் செருகிக்கொள்வாள். சிவப்பு விளக்கு விழுந்தால் வாய்விட்டுச் சொல்வாள். அவள் இருக்கைக்குப் பின்னால் தினமும் உட்காரும் கப்பல் பட்டறைக் கிழவர் ஒருவர், கோயில் சபை எதற்கும் போகாதவர், அவள் ஒரு சொல்லை விட்டால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். வருஷம் முடிவதற்குள் நம் மூப்பர்களைவிட அவருக்கு வசனம் அதிகம் தெரிந்திருந்தது. அந்த வண்டியில்தான் தாக் ஓக்சிம் வந்து சேர்ந்தாள். சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை, கையில் எப்போதும் ஒரு மூடி போட்ட வாளி. ஐம்பது வயதிருக்கும், வாயைத் திறக்கமாட்டாள். ஒருநாள் இறங்கும்போது, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாளாம். அக்கா தாளையே உருவிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஓக்சிம் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சி முடித்த ஐந்து பேருக்கும் அங்கி மாட்டி, தொப்பி வைத்து, படம் பிடித்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வீட்டுக் குழுவையும், கூடவே நடந்து விசுவாசத்தில் வளர்க்க ஒரு புதிய ஆளையும் ஒப்படைத்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தவள் ஓக்சிம். அவளுக்கும் ஒரு நீல நோட்டு கொடுத்தார்கள். குழுவில் ஏழு பேர். அக்கா, நான், ஓக்சிம், வலை பின்னும் கில் சுனோக், பிறகு காய்கறிச் சந்தையிலிருந்து மூன்று பேர். ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில், இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கூடுகை. அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஓக்சிமுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. அக்கா அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பாக வட்டமிட்டு வைத்தாள்.

இனி என் பாவக் கதை. வீட்டுக் கூடுகையில் ஒரு பழம், ஒரு தேநீர், அதற்கு மேல் கூடாது என்று ஞாயிறு அறிக்கைத் தாளில் வருஷா வருஷம் போடுகிறார்கள். நாமும் வருஷா வருஷம் ஆமென் சொல்கிறோம். முதல் வீட்டில் சீமைப் பனிச்சம்பழம் வைத்தார்கள். இரண்டாம் வீட்டில் அதோடு அரிசிக் கேக் சேர்ந்தது. மூன்றாம் வீட்டில் வெங்காயத்தாள் அடையும் பொரித்த மீனும் வந்துவிட்டன. நான்காவது என் முறை. நான் சும்மா இருப்பேனா? கண்ணாடிச் சேமியாவை ஏழு காய்கறியோடு வதக்கிய என் ஜாப்சே சந்தையில் பெயர் பெற்றது. அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் பதினோரு தட்டு அடுக்கினேன். எல்லோரும் படம் பிடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அடுத்தது சுனோக் வீடு. அவளுக்கு முட்டிவலி வந்துவிட்டது. முட்டிவலி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருமா என்று நான் கேலி பேசினேன். அவள் அப்புறம் வரவே இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் நின்றுவிட்டாள். அவளுக்கு விசுவாசம் ஆழமாகப் போகவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நாங்கள் அக்கா வீட்டுக்குப் போனோம்.

தலைவி வீடு அல்லவா, பதினாறு தட்டு. நடுவில் புளிக்கவைத்த திருக்கை மீன், அவித்த பன்றிக்கறி, மூன்று வருஷம் ஊறிய கோஸ் கிம்ச்சி. திருக்கை வைக்காத விருந்தை நம் ஊரில் யாரும் விருந்தென்று ஒத்துக்கொள்வதில்லை. அந்த வாடை மூக்கைத் துளைத்துக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அதையும் சிரித்துக்கொண்டே தின்றோம். ஓக்சிம் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசி போலிருக்கிறது என்று நினைத்து நான் அவள் கிண்ணத்தில் கறியை அள்ளிப் போட்டேன். கிளம்பும்போது அக்கா, அடுத்த முறை ஓக்சிம் வீடு என்று சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். நாங்களும் தட்டினோம்.

அதற்குப் பிறகு ஓக்சிமைக் காணோம். அதிகாலை ஜெபத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் ஜலதோஷம் என்றாள். அக்கா தினமும் விடிந்ததும் அவளுக்கு ஒரு வசனம் அனுப்பினாள். பதில் இல்லை. அக்காவின் நோட்டில் ஓக்சிம் பெயருக்கு நேரே பெருக்கல் குறியாக விழுந்துகொண்டே போனது.

ஒரு மதியம், ஓட்ட இடைவேளையில், அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் என் கடைக்குள் வந்து போர்வைக் குவியல் மேல் உட்கார்ந்தாள்.

"ஹீரான், ஓக்சிம் என் வண்டியப் பாத்ததும் திரும்பிக்கிட்டா. நிறுத்தத்துலதான் நிக்கிறா. வாளி கையில இருக்கு. நான் கதவத் திறந்துட்டு நிக்கிறேன், அவ சுவத்து நோட்டீஸ வாசிக்கிற மாதிரி முதுகக் காட்டுறா."

"என்ன பண்ணீங்க?"

"நின்னேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அவ திரும்பல. வண்டிய எடுத்துட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் ஆளை விட்டுவிட்டு வண்டியை எடுத்ததாக அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. ஞானஸ்நானம் பெறுகிறவர்களை மூப்பர்கள் கேள்வி கேட்கும் நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு வராவிட்டால் ஈஸ்டருக்குத் தள்ளிவிடலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். ஈஸ்டர் வரைக்கும் அவள் சபையில் நிலைக்கப்போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும். நான் என் பங்குக்கு, புருஷன் வீட்டில் முன்னோர் படையல் விட மனமில்லாமல் தடுத்திருப்பார்கள், விடுங்கள் அக்கா, அவள் விசுவாசம் ஆறிப்போய்விட்டது என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் நான் கெட்டிக்காரி.

அக்கா எழுந்து நின்றாள். "நாளைக்கு எனக்கு லீவு. நீயும் வர்ற" என்றாள். கடை இருக்கிறது என்றேன். "கடை ஓடிப்போகாது. அவ போயிடுவா" என்றாள்.

மறுநாள் காலை ஒரு பெட்டி பேரிக்காயைத் தூக்கிக்கொண்டு மலைச்சந்தில் ஏறினோம். படியா அது, சுவரில் வெட்டி வைத்த ஏணி. பாதியில் நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே போனாள். ஓக்சிம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஓக்சிம் இல்லை. ஒரே அறை. அறையில் பாதியை ஒரு படுக்கை அடைத்திருந்தது, அதில் அவள் கணவர். மீன்பிடிப் படகில் இருந்தவர், நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவர் உடம்புக்கு முடியவில்லை என்று ஓக்சிம் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவிருந்தது. என்ன முடியவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து வசனம் படித்திருக்கிறோம்.

மீதிப் பாதி அறையில், சுவரோடு சாய்த்து ஒரு பெரிய மடக்கு மேசை நின்றது. யாரிடமோ இரவல் வாங்கியது. அதைப் பிரித்தால் கதவு மூடாது. பக்கத்தில் நாலைந்து வீட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் நல்ல கையால் தலைமாட்டிலிருந்த நீல நோட்டை இழுத்து அக்காவிடம் நீட்டினார். வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

"அவ எல்லாத்தையும் நல்லாத்தான் தேடினா. திருக்கை மட்டும் சரியா அமையல. அதான் உங்க முன்னாடி வரமாட்டேங்கறா."

வசனம் எழுத வேண்டிய பக்கத்தில் ஓக்சிம் ஒன்று முதல் பதினாறு வரை இலக்கம் போட்டு எழுதியிருந்தாள். அக்கா வீட்டுத் தட்டுகள், வைத்திருந்த வரிசையிலேயே. கிம்ச்சிக்கு நேரே 'இருக்கிறது'. சிப்பிக்கு நேரே 'கொட்டகையில் கேட்கலாம்'. திருக்கைக்கு நேரே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. கடைசியில் ஒரு வரி. 'ஜாப்சே, ஹீரான் அக்கா வீட்டுது மாதிரி.' பக்கத்தின் அடிக்கட்டத்தில், இந்த வாரம் யாருக்காக என்ன செய்தாய் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

நல்ல மாணவி அவள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத் தவறில்லாமல் படித்திருந்தாள்.

அக்கா நோட்டை மூடி அவர் தலைமாட்டிலேயே வைத்தாள். வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். போகலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அதற்குள் அவர் தண்ணீர் கேட்டார், அக்கா போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். படியேறி வந்த ஓக்சிம் எங்களைப் பார்த்ததும் வாளியோடு நின்றுவிட்டாள். திரும்பி இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"அக்கா, இங்க ஏழு பேரு உக்கார முடியாது" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அவரு இருக்காரு. வாடை அடிக்கும். நீங்க எல்லாம் வந்து... நான் வேற எங்கயாச்சும் இடம் பாக்குறேன்னு இருந்தேன்."

"எனக்குப் பசிக்குது" என்றாள் அக்கா.

"ஆ?"

"காலைல சாப்பிடல. ஹீரான் வழியெல்லாம் உக்காந்து உக்காந்து நேரத்த முழுங்கிட்டா. இருக்கிறதப் போடு."

"பார்லிச் சோறுதான் இருக்கு. பழைய கிம்ச்சி."

"அதத்தான் கேட்டேன்."

நாங்கள் அவருடைய படுக்கையை ஒட்டிக் குந்திக்கொண்டு சாப்பிட்டோம். ஓக்சிம் அவருக்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிட்டாள். ஒரு வாய் அவருக்கு, ஒரு வாய் தனக்கு. அறையில் வாடை இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு கவளத்துக்குப் பிறகு தெரியவில்லை. திருக்கையையே தின்ற மூக்கு. சாப்பிட்டு முடித்ததும் அக்கா சொன்னாள்.

"ஓக்சிம், உன்னக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது என் வேல. நான் உன்ன என் சாப்பாட்டு மேசைகிட்ட கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டேன். தப்பு என்னுது. வெள்ளிக்கிழம இங்கதான் கூடுறோம். பார்லித் தண்ணி மட்டும் வை. வேற ஒரு தட்டு இருந்தாலும் நான் திரும்பிப் போயிடுவேன்."

ஓக்சிம் வெறும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவள் கணவர்தான் சொன்னார். "வரச் சொல்லு. எனக்கும் ஆள் முகம் பாத்து நாளாச்சு."

வெள்ளிக்கிழமை நான் ஒரு பாத்திரத்தைத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சத்தியமாகப் போட்டிக்கு இல்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய என் கால் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா படியடியில் காவல் நின்றாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி மூடி?"

ஜாப்சேயை தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். அவர் குடும்பம் அன்று நன்றாகச் சாப்பிட்டிருக்கும். வீட்டில் மூன்று பேர் உள்ளே, மூன்று பேர் வாசற்படியில். கார்த்திகைக் குளிர், கடல் காற்று. கதவைத் திறந்தே வைத்தோம். ஆளுக்கொரு நிறக் கோப்பையில் பார்லித் தண்ணீர். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் வசனத்தைப் படித்தோம். அக்கா முதலில் எல்லோர் முன்னாலும் ஓக்சிமிடம் மன்னிப்புக் கேட்டாள். தலைவி குனிந்து வணங்கியதும் சந்தைக்காரிகள் மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருத்தி, தன் முறை வந்தபோது அரிசிக் கேக்குக்காக மாமியாரோடு சண்டை போட்டதைச் சொன்னாள். நான் என் வீம்பைச் சொன்னேன். உள்ளேயிருந்து ஓக்சிமின் கணவர், ஜெபம் ஏன் இவ்வளவு சின்னதாக முடிகிறது என்று கேட்டார். இன்னொரு தடவை ஜெபித்தோம். கீழே இறங்கும்போது இரண்டு மணி நேரம் போயிருந்தது.

அதன்பின் நடந்ததைச் சபை அறியும். அக்கா முறை வைத்து எங்களை அந்த மலைக்கு அனுப்பினாள். வாரத்தில் ஆறு நாளும் யாராவது ஒருத்தி அவரோடு உட்கார்ந்திருப்பாள், அந்த நேரத்தில் ஓக்சிம் அதிகாலை ஜெபத்துக்கோ சந்தைக்கோ போய்வருவாள். என் முறை வியாழக்கிழமை. அவர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், ஒற்றைக் கையால்.

மூப்பர்கள் கேள்வி கேட்ட சனிக்கிழமை, ஓக்சிமின் கணவரோடு ஒரு சந்தைக்காரி இருந்தாள். அக்காவும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓக்சிம் விசுவாசப் பிரமாணம் சொன்னாள், கேட்ட வசனமெல்லாம் சொன்னாள். கடைசியில் பெரிய மூப்பர், ஞானஸ்நானம் பெற்றபின் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். ஒழுங்காக ஆராதனைக்கு வருவேன் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"சுனோக் அக்கா வீட்டுக்குப் போவேன்" என்றாள் ஓக்சிம்.

மூப்பருக்குப் புரியவில்லை. சுனோக்தான் முட்டிவலியென்று நின்றுவிட்டாரே என்றார்.

"முட்டிவலி இல்லீங்க. அவங்க ஏன் நின்னாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அப்புறம் அதே பயத்துல நின்னது நான்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பதினோரு தட்டுக்கு அடுத்த வீடு சுனோக் வீடு. அவள் முட்டிவலியைக் கேலி பேசியது நான். மாதக்கணக்காக ஒருத்தியை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அவள் விசுவாசத்தை அளந்துகொண்டிருந்தேன். அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"ஓக்சிம் தனியா போக வேணாம்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அறுப்பின் பண்டிகையன்று ஓக்சிம் ஞானஸ்நானம் பெற்றாள். அவள் கணவரை நாற்காலியோடு நான்கு பேர் மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, அக்காவின் வண்டியில் ஓக்சிமும் நானும் ஏறி, வலைக் கொட்டகை நிறுத்தத்தில் இறங்கினோம். நாங்கள் இறங்கிய பிறகும் அக்கா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கப்பல் பட்டறைக் கிழவர் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார்.

கதவைத் தட்டினோம். திறந்த சுனோக் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். என் இரண்டு கையும் காலியாக இருந்தது. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டேன், மறுபடி எடுத்தேன்.

"சாப்பிட ஒண்ணும் கொண்டு வரல சுனோக்" என்றேன். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவள் என் கைகளையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்து, வெளியே குளிர் அதிகம், உள்ளே வாருங்கள் என்றாள். அவள் முட்டி நன்றாகத்தான் மடங்கியது. எனக்கு முந்தியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.